நூற்றுப் பன்னிரண்டு ஒலிகள்

தேவசகாயம் தூத்துக்குடியில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தார். வயது நாற்பத்தெட்டு. ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்த ஜெபக்கனிக்கு முப்பத்தொன்று. குழுவின் மேடைகளில், எல்லா வாத்தியங்களின் ஒலியையும் கலந்து சீராக்குகிற மிக்ஸரைக் கவனிப்பவரும் அவர்தான். தேவசகாயம் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவார், அவர் இவரை அண்ணே என்பார். புதிதாகப் பார்ப்பவர்கள் கொஞ்சம் விழிப்பார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலையில் தேவசகாயம் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். தோளில் கிட்டார், கழுத்தில் ஹெட்போன், கக்கத்தில் மல்டி எஃபெக்ட்ஸ் பெடல். காலால் மிதித்து கிட்டாரின் ஒலியை மாற்றுகிற பெட்டி அது. எதிரொலி, கரகரப்பு, அலையடிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். மூன்று மாதம் வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நூற்றுப் பன்னிரண்டு ஒலிகளை அதில் செய்து வைத்திருந்தார். ஒவ்வொன்றும் தேன்.

மேடையில்தான் வினை. இரண்டு கச்சேரியாக அவர் கிட்டார் யார் காதிலும் விழவில்லை. முதலில் மண்டபத்தைக் குறை சொன்னார், பிறகு ஸ்பீக்கரை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று குழுவில் சிரித்தார்கள். அவருக்கு நன்றாகவே ஆடத் தெரியும், வேதனையே அதுதான். ஞாயிற்றுக்கிழமை கல்யாண வரவேற்பிலும் கேட்காவிட்டால் கிட்டார் பகுதியை பிரிட்டோ கீபோர்டிலேயே வாசித்துவிடட்டும், நீங்கள் வரவேண்டாம் என்று குழுத்தலைவர் லூர்துசாமி சொல்லிவிட்டார். இருபத்தாறு வருடமாகத் தேவசகாயம் நின்ற இடம் அது.

"நூத்திப்பன்னெண்டுல எத மாஸ்டர் போடட்டும்?"

ஜெபக்கனி குழுவின் பாட்டு ஒன்றைக் கிட்டார் இல்லாமல் ஓடவிட்டு, அதன்மேல் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். ஒரே பாட்டுக்குள் தேவசகாயம் ஏழு தடவை பெட்டியை மிதித்தார். மிதிக்கக் குனிந்தபோதெல்லாம் தாளம் கொஞ்சம் தள்ளிப் போனது.

முடிந்ததும் அவரையே மிக்ஸர் முன்னால் உட்கார வைத்தார். பாட்டு மறுபடியும் ஓடியது. கிட்டாருக்கான குமிழ்களைக் காட்டி, வேண்டியபடி திருத்திக்கொள்ளச் சொன்னார்.

தேவசகாயம் எதிரொலியைக் கூட்டினார். போதவில்லை என்று இன்னும் கூட்டினார். பிறகு பயந்துபோய்க் குறைத்தார். பாட்டை நாலு முறை திரும்ப ஓடவிட்டார். ஒரு குமிழில் வைத்த விரலை எடுக்க மனமில்லாமல் அடுத்ததைத் தொட்டார். அரைமணி நேரம் கழித்து, கண்ணை மூடிக்கொண்டு மயிரிழை அளவு ஒன்றைத் திருப்பினார். முகம் மலர்ந்துவிட்டது.

"இப்பதான் மாஸ்டர் எடுப்பா உக்காந்திருக்கு."

"நல்லா கேக்குதா அண்ணே?"

"கணீர்னு கேக்குது."

ஜெபக்கனி விரலால் காட்டினார். மிக்ஸரில் கிட்டாருக்கென்று இருந்த சேனலின் தலைமாட்டில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரிந்தால் அந்தச் சேனல் மூடியிருக்கிறது, கிட்டார் வெளியே கேட்காது என்று அர்த்தம். பாட்டு தொடங்கியதிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. அரைமணி நேரமாக ஓடியது டிரம்ஸும் பேஸும் கீபோர்டும் மட்டும்தான்.

தேவசகாயத்துக்குக் காதுமடல் சுட்டது. கோபத்தில் வயரைக்கூட ஒழுங்காகச் சுற்றாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போனவர் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துத் திரும்பி வந்தார்.

ஜெபக்கனி அவருடைய ஹெட்போனை வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினார். டிரம்ஸ், பேஸ், கீபோர்டு மூன்றையும் ஸ்பீக்கரில் சத்தமாக ஓடவிட்டார். அதற்கு நடுவே நின்று ஒரே ஒரு ஒலியைச் செய்யுங்கள் என்றார்.

சாயங்காலம் ஆகிவிட்டது. பேஸோடு முட்டிக்கொண்ட கனத்த கீழ்ச்சத்தத்தை தேவசகாயம் வெட்டினார். நடுச்சத்தத்தை ஏற்றினார். எதிரொலியை ஏறக்குறைய முழுக்கவே எடுத்துவிட்டார். இப்போது அத்தனை இரைச்சலுக்குள்ளும் கிட்டார் தெளிவாகக் கேட்டது. ஆசை தாங்காமல் மற்ற மூன்றையும் நிறுத்திவிட்டு அதை மட்டும் வாசித்துப் பார்த்தார். தகர டப்பாவைத் தட்டியது போல இருந்தது.

"தனியா கேட்டா அசிங்கமா இருக்கே மாஸ்டர்."

"தனியா யாருண்ணே கேக்கப் போறா?"

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஆயிரம் பேர். பந்திச் சத்தம் வேறு. பாட்டில் கிட்டார் முன்னுக்கு வரவேண்டிய இடம் நெருங்கியதும் லூர்துசாமி கண்ணைக் காட்ட, பிரிட்டோ கீபோர்டின் மேல் விரல்களைத் தயாராகத் தூக்கி நின்றான். தேவசகாயம் குனியவில்லை. பெட்டியைப் பாட்டுக்கு முன்னால் ஒருமுறை மிதித்ததோடு சரி. முதல் நாலு சுரம் விழுந்ததும் பிரிட்டோ கையை இறக்கிக்கொண்டான். லூர்துசாமி அடுத்த பாட்டின் தாளைப் புரட்டினார்.

அந்த அடுத்த பாட்டில் கிட்டாருக்குப் பெரிய வேலை இல்லை. பாடகிக்குப் பின்னால் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தால் போதும். ஒரு வரியின் பாதியில் தேவசகாயம் சட்டென்று தலையைத் தூக்கி, மண்டபத்தின் மறுகோடியில் இருந்த மிக்ஸரைப் பார்த்தார். அவர் கிட்டார் கேட்கவில்லை. பாடகியோ லூர்துசாமியோ கவனிக்கவே இல்லை. வரி முடிவதற்குள் ஒலி திரும்பிவிட்டது. ஜெபக்கனி ஒரு பொத்தானிலிருந்து விரலை எடுத்துக்கொண்டிருந்தார்.

கச்சேரி முடிந்து வயர்களைச் சுற்றும்போது தேவசகாயம் கேட்டார்.

"நடுவுல என்னைய எதுக்கு மாஸ்டர் மூடுனீங்க?"

"பாட்டுக்குள்ள இருக்கீங்களான்னு பாத்தேண்ணே."