வாகைப்பட்டிப் பிள்ளைங்க படிக்காத புத்தகம்

பால்வண்ணன் சாரை உங்களுக்குத் தெரியாதுல்ல? வாகைப்பட்டி தொடக்கப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். நல்ல மனுஷன், யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்க மாட்டாரு. வாயைத் திறந்தா மட்டும் அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு. அவரு விடுத புளுகைக் கேட்டு நம்மளும் தலையாட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டா ஒரு தொல்லையும் கிடையாது. போன வெள்ளிக்கிழமை என்னால அப்படித் தலையாட்டிட்டுப் போக முடியலை.

அன்னைக்கு எங்க எல்லாருக்கும் வட்டார வள மையத்துல பயிற்சி. காலையில உள்ள நுழையும்போதே பாத்தேன், ஹால் மூலையில கண்ணாடிக் கதவு போட்ட புது பீரோ. உள்ள பளபளன்னு சிறுவர் புத்தகம், மேல்தட்டுல இருந்து கீழ்த்தட்டு வரைக்கும். யாரோ வெளிநாட்டுல இருக்குத புண்ணியவான் குடுத்ததாம். ஒன்றியத்துக்கே ஒரே ஒரு பீரோதான். வட்டாரக் கல்வி அலுவலர் மெகராஜ் மேடம் மைக்கைப் பிடிச்சுச் சொன்னாங்க: "உங்க பள்ளிக்கூட நூலகத்துல பிள்ளைங்களை எப்படிப் படிக்க வைக்கீங்கன்னு சாப்பாட்டுக்குப் பிறகு கேப்பேன். அதை வச்சு ஒரு பள்ளிக்கூடத்துக்கு இதைக் குடுப்பேன்."

நான் கூவாச்சிபட்டி பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கேன், பேரு ஜெயசீலி. எங்க நூலகம்னா ஒரு பிளாஸ்டிக் கூடை. அதுல இருக்குத புத்தகமெல்லாம் பசை போட்டு ஒட்டி, ஒட்டினது மேல திரும்ப ஒட்டி, தூக்கினா கை வலிக்கும். நான் கதை வாசிக்க ஆரம்பிச்சா பிள்ளைங்க எனக்கு முன்னால முடிவைச் சொல்லிருதுங்க. ஒருநாள் மூணாங்கிளாஸ் சிவனம்மா வந்து, "டீச்சர், புதுசா எதுவும் இல்லைன்னா நான் கணக்குப் போடுதேன்"ங்கா. ஒரு பிள்ளை தானா வந்து கணக்குப் போடுதேன்னு சொன்னா நிலைமை எவ்வளவு மோசம்னு பாத்துக்கோங்க. அந்த பீரோ எனக்கு வேணும். ஆனா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்க? புத்தகம் கிழிஞ்சா ஆடிட்ல டோஸ் விழும்னு எங்க ஆளுங்க பாதிப் பேரு நூலக பீரோவைத் திறக்கதே இல்லை. நான் கூடையோட கிழிச்சு வச்சிருக்கேன்.

சாப்பாட்டு நேரம். எனக்குப் பக்கத்துல நெட்டூரணி ராஜக்கனி சார். சாம்பார்ல உப்பு இருக்குன்னு சொன்னாகூட, தொட்டு நக்கிப் பாத்துட்டுத்தான் தலையாட்டுத ஆளு. எதிர்ல பால்வண்ணன் சார். அடுத்த மேஜையில மெகராஜ் மேடம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாங்க. பால்வண்ணன் சார் அதைப் பாத்தாரு. எங்ககிட்டப் பேசுத மாதிரி, அந்த முதுகுக்குக் கேக்குத சத்தத்துல ஆரம்பிச்சாரு.

"எங்க நூலகத்தால ஒரே தொல்லை, டீச்சர். பிள்ளைங்க வீட்டுக்குப் போக மாட்டேங்குது. எல்லா ஊர்லயும் சாயங்காலம் மணி அடிச்சா பையைத் தூக்கிட்டு ஓடும். எங்க ஊர்ல பெத்தவங்க கம்பெடுத்துட்டு வந்து நூலகத்துல இருந்து பத்திட்டுப் போறாக. மறுநாள் விடியுமுன்னே பாத்தா, காம்பவுண்டு சுவர் மேல வரிசையா உக்காந்திருக்கும், எப்பம்டா திறப்பாங்கன்னு."

"உங்க பள்ளிக்கூடத்துக்குக் காம்பவுண்டு சுவரே கிடையாதே சார்?"ன்னாரு ராஜக்கனி.

"இருந்துச்சு. உக்காந்து உக்காந்துதான் இடிஞ்சுட்டுது."

ராஜக்கனி சார் சோத்தைப் பிசையுததை நிறுத்திட்டு என்னைப் பாத்தாரு. நான் தண்ணியைக் குடிச்சேன்.

"மத்தியானம் முட்டை போடுதோம்லா, ஒரு பிள்ளை தொடாது. 'முட்டையை நீங்களே வச்சுக்கோங்க, கதையைக் குடுங்க'ங்குது. சத்துணவு அக்காவுக்குக் கோவம். அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துருதேன்னு ஒரு புத்தகத்தை எடுத்தா. சாம்பார் அடிப்பிடிச்சுட்டுது. மறுநாள் அடுத்த புத்தகம், அன்னைக்கும் அடிப்பிடிச்சுது. இப்ப அடிப்பிடிக்காத சாம்பாரை ஊத்தினா, இது எங்க பள்ளிக்கூடத்துச் சாம்பாரே இல்லைன்னு பிள்ளைங்க சண்டைக்கு வருது."

"ஏ, ஆத்தாடி!"ன்னேன் நான். அவருக்கு அது போதும், தெம்பாயிட்டாரு.

"அதெல்லாம் ஒண்ணுமே இல்லை டீச்சர். எங்க ஒண்ணாங்கிளாஸ் வாசிப்பை நீங்க கேக்கணும். மேகம் இடிக்குத கதை ஒண்ணு. எல்லாரும் சேந்து தடதடன்னு சத்தமா வாசிச்சாங்க. வெளிய பாத்தா, மழை! சித்திரை மாசம்! கம்மாய் நிரம்பி மறுகால் பாஞ்சுட்டுது. அடுத்த நாளே உப்பளத்துக்காரங்க வந்துட்டாக. 'ஐயா, பாத்தியில கிடந்த உப்பெல்லாம் கரைஞ்சு போச்சு, உப்பு வாருத மாசத்துல மட்டும் அந்தக் கதையை எடுக்காதீங்க'ன்னு கையெடுத்துக் கும்பிடுதாக. பாவமா இருந்துச்சு. இப்ப அந்தப் புத்தகத்தைப் புரட்டாசிக்கு அப்புறம்தான் வெளிய எடுக்கது."

"போன ஐப்பசியில சொட்டு மழை இல்லையே சார். அப்ப வாசிக்கலையாக்கும்?"

"வாசிச்சாங்க, ராஜக்கனி. எல்லாத்துக்கும் தொண்டைக்கட்டு. தூறலோட நின்னுட்டுது."

அடுத்த மேஜையில ஸ்பூன் சத்தம் நின்னுட்டுது. மேடம் கேக்காங்கன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. எனக்கு வயித்தெரிச்சல் ஒரு பக்கம், கிழிஞ்ச புத்தகத்தை எப்படிச் சொல்லப்போறோம்ங்கிற பயம் ஒரு பக்கம். "ஏன் சார், இவ்வளவு படிச்சா உங்க புத்தகம் கிழியாதா?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு போச்சு டீச்சர். அதுவும் பிள்ளைங்க கிழிக்கலை. மாடசாமி வீட்டு வெள்ளாடு பாதியைத் தின்னுட்டுது. அன்னையில இருந்து மேய்ச்சலுக்குப் போக மாட்டேங்குது, பள்ளிக்கூட வாசல்லயே நிக்குது. 'சார், கதை என்னாச்சுன்னு தெரியாம இது இரை எடுக்க மாட்டேங்குது, மிச்சத்தையும் குடுத்துருங்க'ன்னு மாடசாமி கண்ணு கலங்கிட்டாரு. அரசாங்கச் சொத்தைக் குடுக்க முடியுமா? நானே உக்காந்து மிச்சக் கதையை ஆட்டுக்கு வாசிச்சுக் காட்டினேன். அப்புறம்தான் ஒரு வாய் புல்லைக் கடிச்சுது. அந்த ஆட்டுப்பால் குடிச்ச குழந்தை இருக்கு பாருங்க, இன்னும் பல்லு முளைக்கலை, பஸ்ல போர்டைப் படிச்சு அம்மாக்காரியை ஏத்தி விடுது."

எனக்கு அதுக்கு மேல பொறுக்கலை. இலையை ஒதுக்கி வச்சுட்டுக் கேட்டேன். "சார், போன எலக்‌ஷனுக்கு உங்க பள்ளிக்கூடத்துலதான் எனக்கு டூட்டி. நூலக பீரோவை என் கண்ணால பாத்தேன். பூட்டு துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. சாவி போடுத ஓட்டையில குளவி கூடு கட்டியிருந்துச்சே?"

மனுஷன் கண்ணைச் சிமிட்டணுமே!

"அதை ஏன் கேக்கீங்க. பூட்டலைன்னா புத்தகமெல்லாம் பிள்ளைங்களைத் தேடி வெளிய போயிருது டீச்சர். ஒரு சனிக்கிழமை லீவு விட்டோம். ஒருநாள் பிள்ளைங்களைப் பாக்காம ஏங்கிப்போயி, எல்லாம் இறங்கி ரோட்டுக்குப் போயிட்டுது. மினி பஸ் கண்டக்டர் போன் பண்ணுதான், 'சார், உங்க புத்தகமெல்லாம் ஸ்டாப்புல நிக்குது, ஏத்தட்டுமா வேண்டாமா'ங்கான். அன்னைக்குப் போட்ட பூட்டு."

"குளவி?"

"காவலுக்கு."

"சரி, சாவி எங்க?"

"சாவி எதுக்கு டீச்சர்? எங்க பிள்ளைங்க பூட்டுன பீரோவுக்கு வெளிய நின்னே படிச்சிரும். புத்தகத்துப் பேரைச் சொன்னா போதும், உள்ள இருக்குததை ஒரு எழுத்து விடாம ஒப்பிச்சிரும்."

மேடத்தோட தோள் குலுங்குது. சிரிக்காங்க. போச்சு, பீரோ வாகைப்பட்டிக்குத்தான்னு எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. கொண்டு போயி இவரு அதையும் பூட்டுவாரு, அதுலயும் குளவி கூடு கட்டும். எங்க சிவனம்மா கணக்குப் போட்டுக்கிட்டே இருப்பா.

அப்பதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. திறக்காமலே படிக்குத பிள்ளைங்களுக்கு எதுக்கு இன்னொரு பீரோ? இவ்வளவு நேரம் நான் இவரு வாயை அடைக்கப் பாத்திருக்கேன். எவ்வளவு முட்டாள்தனம்! இன்னும் நல்லாத் திறந்துல்ல விடணும்?

என் அப்பளத்தை எடுத்து அவரு இலையில வச்சேன். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். உங்க பிள்ளைங்க படிக்காத புத்தகமே நம்ம ஒன்றியத்துல கிடையாதோ?"

ராஜக்கனி சார், உனக்கும் கிறுக்குப் பிடிச்சுட்டுதான்னு பாக்குத மாதிரி என்னைப் பாத்தாரு. பெஞ்சுக்குக் கீழ அவரு காலை மிதிச்சேன்.

"ஒன்றியமா? மாவட்டத்துலயே கிடையாது! டவுன் லைப்ரரியில இருந்து எனக்குப் போன் வருது டீச்சர். 'சார், ஒரு புத்தகத்துல கடைசிப் பக்கத்தைக் காணலை, உங்க ரெண்டாங்கிளாஸ் பிள்ளைகிட்டக் கேட்டுச் சொல்லுங்க, நாங்க எழுதி ஒட்டிக்கிடுதோம்'ங்கான்."

"அப்பேர்ப்பட்ட பிள்ளைங்க! ஆனா இந்தப் புது பீரோவுல இருக்குததைப் படிச்சிருக்க மாட்டாங்கல்லா சார்? பாவம்."

அந்த இடத்துல அவரு நிறுத்தியிருக்கணும். ஆமா டீச்சர், இது மட்டும்தான் படிக்காததுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். பீரோவைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. 'பாவம்'னு நான் சொன்னதை அவரால தாங்க முடியலை.

"இதுவா? இது வந்த வேன் எங்க ஊர் வழியாத்தான் வந்துச்சு. பள்ளிக்கூடத்துக்கு முன்னால ஒரு ஸ்பீடு பிரேக்கர் உண்டு. வேன் அதுல ஏறி இறங்குததுக்குள்ள, ஜன்னல்ல நின்ன பிள்ளைங்க மேல்தட்டுல இருந்து கீழ்த்தட்டு வரைக்கும் முடிச்சிட்டாங்க. நடுத்தட்டுல ஒரு புத்தகத்துல எழுத்துப்பிழை இருக்குன்னு டிரைவர்கிட்டச் சொல்லியும் விட்டாங்க!"

மெகராஜ் மேடம் டிபன் பாக்ஸை மூடிட்டு எங்க பக்கம் திரும்பினாங்க. "ஜெயசீலி டீச்சர், உங்க பள்ளிக்கூடத்துல எப்படி?"

காலையில இருந்து மனசுக்குள்ள பேசிப் பாத்து வச்சிருந்த பேச்சு வரும்னு நினைச்சேன். வாயில வந்தது நிஜம்தான். "இருந்ததெல்லாம் கிழிஞ்சுட்டுது மேடம். எல்லாக் கதையும் பிள்ளைங்களுக்கு மனப்பாடம். வேற புத்தகம் இல்லை"ன்னேன்.

மேடம் ஹேண்ட்பேக்ல இருந்து பீரோ சாவியை எடுத்து என் கையில வச்சாங்க. "இன்னைக்கே வண்டி பிடிச்சுக் கொண்டு போங்க. அடுத்த வருஷம் நான் வந்து பாக்கும்போது இதுவும் கிழிஞ்சிருக்கணும்." எனக்குக் கண்ணு நிறைஞ்சுட்டுது. ராஜக்கனி சார் மிதிபட்ட காலைத் தடவிக்கிட்டே சிரிக்காரு.

பால்வண்ணன் சார் மோர்ச்சோத்துக் கையோட எந்திரிச்சு நின்னாரு. "மேடம், அப்ப எங்க பள்ளிக்கூடம்?"

"இவ்வளவு படிச்ச பிள்ளைங்களுக்கு இனிமே படிக்க என்ன சார் இருக்கு? எழுதட்டும். நம்ம ஒன்றியத்துக்கு அடுத்த செட்டுப் புத்தகம் பூராவும் உங்க பிள்ளைங்களே எழுதிக் குடுத்துரட்டும்"ன்னாங்க மேடம்.

ஹால்ல இருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. வேற ஆளா இருந்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கை கழுவப் போயிருப்பான்.

"எழுதி முடிச்சாச்சு மேடம்"ன்னாரு பால்வண்ணன் சார். "அட்டை போடுததுதான் பாக்கி."