முன்னே போவது அரசாங்கச் செலவு

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மூளை கம்மி என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். பிறந்தபோது சாமி கொடுத்த மூளை கொடுத்தபடியே இருக்கிறது. நாங்கள்தான் எடுத்துச் செலவு பண்ணுவதில்லை. ஒரே ஒருதரம் எடுத்துச் செலவு பண்ணினோம். அதன் பலனைச் சொல்கிறேன், கேளுங்கள்.

என் பேர் மொக்கைச்சாமி. பட்டப்பேர் இல்லை, குலசாமி பேர். ஒத்தைப்பனைப்பட்டி அங்கம்மா அக்காவின் தண்ணி லாரியில் எனக்கு வேலை. சங்கிலி குழாய் பிடிப்பான். ஒச்சு டேங்க் மேலே ஏறி, தண்ணி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துச் சொல்வான். அவர்கள் ரெண்டு பேரும் வேலை செய்கிறார்களா என்று நான் பார்ப்பேன். நான் வேலை செய்கிறேனா என்று பார்க்க ஆள் போடுகிற அளவுக்கு அக்காவுக்கு வசதி இல்லை.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் வைகாசியில் கல்யாணம் முடித்து மாமனார் ஊரோடு போய்விட்டார். போகிறபோது லாரியைத் தெருப்பக்கம் முகம் வைத்து நிறுத்திவிட்டுப் போனார். அது எவ்வளவு பெரிய புண்ணியம் என்று எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

கழுத்தில் காதில் கிடந்ததை எல்லாம் விற்று அக்கா வாங்கின லாரி அது. டவுன் கல்யாண மண்டபத்துக்குத் தண்ணி ஊற்றுகிற ஒப்பந்தம்தான் அதற்குத் தீனி. மண்டபத்து மேனேஜர் பூவலிங்கம் ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்: "ஆவணி மொத முகூர்த்தத்துக்கு உங்க வண்டி வரணும். வரலைன்னா ஒப்பந்தம் வேற வண்டிக்குப் போயிரும்." ஒப்பந்தம் போனால் லாரியை விற்க வேண்டியதுதான். அன்றைக்கு எங்களுக்குச் சோறு போட்ட அக்கா குழம்பு ஊற்ற மறந்துவிட்டாள். விஷயம் பெரிது என்று புரிந்து நாங்களும் வெறுஞ்சோற்றையே தின்றோம்.

அந்த நேரத்தில்தான் மானியத் திட்டம் வந்தது. தன்னிடம் வேலை செய்கிறவர்களுக்குத் தொழில் பழக்குகிற முதலாளிக்கு, பழக்குகிற செலவில் பாதியை அரசாங்கம் தருமாம். அக்கா எங்களையும் கூட்டிக்கொண்டு திட்ட ஆபீசரைப் பார்க்கப் போனாள். கிருபாகரன் என்று பேர். நல்ல மனுசர், ஆனால் விதி என்றால் விதி.

"பாதி அரசாங்கப் பங்கு, பாதி மொதலாளி பங்கு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலக்கவே கூடாது. எங்க பங்கு சரியா நடந்திருக்கான்னு நானே நேர்ல வந்து பார்ப்பேன். பயிற்சி எடுத்த ஆள்தான் ஓட்டிக் காட்டணும். வேற யாராவது ஸ்டியரிங்கைத் தொட்டா மானியம் கிடையாது."

வெளியே வந்ததும் அக்கா பெருமூச்சு விட்டாள். "என் பங்குக்கு இப்போ கையில ஒண்ணும் இல்லடா. கவர்மெண்டுப் பங்குக்கு உள்ளதை மொதல்ல கத்துக்கிட்டு வாங்க. மிச்சத்தை முகூர்த்தம் முடிஞ்சு பார்ப்போம்."

மூணு பேரும் லாரி நிழலில் உட்கார்ந்தோம். கவர்மெண்டுப் பங்கு எது, அக்கா பங்கு எது என்று பிரிக்க வேண்டுமே.

"மூணு பேர்ல பாதின்னா ஒன்றரை ஆள்," என்றான் ஒச்சு. "அந்த அரை ஆளு யாரு?"

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆளைப் பிரிக்க வேணாம்ப்பா," என்றேன் அவசரமாக.

"அப்போ காலைப் பிரிப்போம்," என்றான் சங்கிலி. எங்களில் யோசிக்கிறவன் அவன்தான். யோசிக்கும்போது வாய் திறந்தே இருக்கும். "கிளட்சு இடது கால். அது கவர்மெண்டு. ஆக்சிலேட்டரு, பிரேக்கு ரெண்டும் வலது கால். அது அக்கா."

"அதெப்படிடா? அக்கா காலுக்கு ரெண்டு வேலை, கவர்மெண்டுக் காலுக்கு ஒரு வேலையா?"

"கவர்மெண்டு வேலைன்னா அப்படித்தான் இருக்கும்."

"ஒத்தக் காலை வச்சுக்கிட்டு எங்கடா ஓட்டுறது?" என்று ஒச்சு கேட்டதும் அந்த யோசனை நொண்டிப் படுத்துவிட்டது.

அப்போது என் வாயில் அது வந்தது. எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. "வண்டி முன்னால போறது ஒரு பாதி. பின்னால வர்றது ஒரு பாதி."

சங்கிலி வாயை மூடினான். அவ்வளவு மரியாதை.

"அண்ணே, இதுல எது கவர்மெண்டு?" என்றான் ஒச்சு.

"இதென்னடா கேள்வி?" என்றான் சங்கிலி. "நாடு முன்னால போகுது, முன்னால போகுதுன்னுதானே கவர்மெண்டு சொல்லுது? பின்னால போகுதுன்னு என்னைக்காவது சொல்லிக் கேட்டிருக்கியா?"

"அப்போ பின்னால போறது?"

"அக்காதான். போன வருசத்துல இருந்தே நான் பின்னால போயிட்டேன், பின்னால போயிட்டேன்னு அவளே புலம்பிக்கிட்டுத்தானே இருக்கா."

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சந்தனராசுவிடம் போய் விவரம் சொன்னோம். "முன்னால போறது மட்டும் போதும் மாஸ்டர். ரிவர்ஸு மொதலாளி பங்கு. அது பெறகு."

பாதிச் சம்பளத்துக்குப் பாதி வேலை என்றால் யாருக்குக் கசக்கும்? மாஸ்டர் சரி என்றார்.

தினமும் காலையில் காரை ஷெட்டிலிருந்து பின்னால் எடுப்பார். அந்த நேரம் நாங்கள் மூணு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொள்வோம். தற்செயலாகப் பார்த்து ரிவர்ஸ் கற்றுக்கொண்டுவிட்டால் அக்கா பங்கு கவர்மெண்டுப் பங்கில் கலந்துவிடும். ஒருநாள் ஒச்சு ஒரு கண்ணைத் திறந்துவிட்டான். அன்றைக்கு முழுக்க, "மறந்துரு, மறந்துரு" என்று அவன் தலையில் தட்டிக்கொண்டே இருந்தோம்.

பிரேக்கைப் பற்றி மாஸ்டர் சொல்ல ஆரம்பித்தபோது சங்கிலி கையைத் தூக்கினான்.

"மாஸ்டர், பிரேக்கு போட்டா வண்டி முன்னால போகுமா, பின்னால போகுமா?"

"எங்கேயும் போகாது. நிக்கும்."

"அப்போ அது ரெண்டு பேர் பங்குலயும் வராது. விட்டுருங்க."

மாஸ்டர் விட்டுவிட்டார். அவர் காரில் அவர் காலடியிலேயே தனி பிரேக் ஒன்று உண்டு என்பது எங்களுக்குத் தெரியாது. கார் அங்கங்கே நிற்பது மாஸ்டர் மேல் உள்ள பயத்தால் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

லைசென்ஸுக்கு ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். எங்களில் கை கால் சொன்னபடி கேட்கிறவன் ஒச்சு. மாஸ்டரோடு ஏறி நேராக ஓட்டினான். கண்ணுக்கு மறைகிறவரைக்கும் ஓட்டினான். திரும்பி வரவில்லை. அடுத்த ஆள் வரிசையில் காத்திருந்ததால் பாஸ் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் பஸ்ஸில் வந்து வாங்கிக்கொண்டான்.

முதல் முகூர்த்தம் வந்தது. அக்கா லாரிக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஒச்சுவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நானும் சங்கிலியும் டேங்க் மேல். லாரி முன்னால் போனது. அடடா, என்ன அழகாய் முன்னால் போனது! மாடு ஒதுங்கியது, சைக்கிள் ஒதுங்கியது, எதிரே வந்த பஸ் ஒன்று வயலுக்குள் இறங்கி எங்களுக்கு வணக்கம் வைத்தது.

மண்டபம் ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருக்கிறது. சந்து சரியாக லாரி அகலம். வாசல் பக்கம், கார் போக மட்டும் இடம் விட்டு, ஏதோ கட்டட வேலைக்கு மணல் குவித்திருந்தார்கள். லாரி அதில் மூக்கைப் புதைத்து, ஒரு தும்மல் போட்டு நின்றது.

"பார்த்தியாக்கா?" என்றான் ஒச்சு. "சொல்லாமலே நிக்குது."

தண்ணியை இறக்கினோம். பூவலிங்கம் வந்து அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். ஆபீசர் கிருபாகரன் சொன்னபடியே வந்திருந்தார். பந்தியில் சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே, "எங்க பங்கு சரியாவே நடந்திருக்கு," என்றார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கதையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் லாரி இன்னும் சந்துக்குள் இருக்கிறதே.

மணலை ஒட்டி, வாசலுக்குள் பொண்ணு மாப்பிள்ளை போகிற கார் பூ சுற்றி நின்றது. அதற்குப் பின்னால் ஆபீசரின் ஜீப். ராகு காலத்துக்கு முன்னால் பொண்ணு மாப்பிள்ளை கிளம்ப வேண்டும்.

"லாரியைப் பின்னால எடுங்கப்பா," என்றார் பூவலிங்கம்.

"பின்னால அக்கா பங்குங்க. அது இன்னும் நடக்கலை," என்றான் சங்கிலி.

பூவலிங்கத்துக்கு விளங்க வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் அவர் முகம் அடுப்பில் வைத்த அண்டா மாதிரி ஆனது. "இந்தாம்மா, ராகு காலத்துக்குள்ள லாரி வெளிய போகலைன்னா உன் ஒப்பந்தமும் போச்சு, லாரியும் போச்சு."

பொண்ணு காரின் டிரைவர், "நான் எடுத்துத் தர்றேன்," என்று வந்தான்.

"தொடாதே!" என்று ஆபீசரே கத்திவிட்டார். "பயிற்சி எடுத்த ஆள்தான் தொடணும். இல்லைன்னா மானியம் ரத்து."

அக்கா தலையில் கை வைத்து மணலிலேயே உட்கார்ந்தாள்.

"ரிவர்ஸ் ஒண்ணும் பெரிய வித்தை இல்லப்பா," என்று ஆபீசர் ஒச்சுவிடம் இறங்கி வந்தார். "நானே சொல்லித் தர்றேன், வா."

"ஐயா, கோவிச்சுக்கப்படாது," என்றான் சங்கிலி. "நீங்க சொல்லிக்கொடுத்தா முழுசும் கவர்மெண்டுப் பங்காயிரும். பாதிதானே விதி?"

"விதி அதான்," என்றார் ஆபீசர் மெதுவாக.

"மொதலாளிதான் கத்துக்கொடுக்கணும்," என்றேன் நான்.

"எனக்கு ரிவர்ஸு தெரியாதேடா பாவிகளா!" என்றாள் அக்கா.

கடைசியில் ஒரு வழி பிறந்தது. ஆபீசர் அக்கா காதில் சொல்வது, அக்கா ஒச்சுவுக்குச் சொல்வது. அப்போது கற்றுக்கொடுப்பது அக்காதானே? அவர்கள் மூணு பேரும் முன்னால் ஏறினார்கள். நானும் சங்கிலியும் பழையபடி டேங்க் மேல்.

"கிளட்சை மிதிக்கச் சொல்லுங்கம்மா."

"டேய் ஒச்சு, கிளட்சை மிதி."

"எனக்கே கேக்குதுக்கா."

"கேட்டாலும் நான் சொன்ன பெறகு மிதிடா, மானியம் போயிரும்!"

லாரி பின்னால் நகர்ந்தது. சந்தே கை தட்டியது. முன்னால் போன தடம் மாறாமல் கிடந்தது. பாய் சுருட்டுகிற மாதிரி அதைச் சுருட்டிக்கொண்டே பின்னால் வந்தோம். எங்கள் மூக்கோடு மூக்கு வைத்துப் பொண்ணு மாப்பிள்ளை காரும் வந்தது. ஒச்சுவும் மாப்பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தபடியே வந்தார்கள். ரோட்டில் நின்ற சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பாருங்கடி, பொண்ணு மாப்பிள்ளைக்கு முதுகு காட்டாம, சாமிக்கு முன்னால பின்வாங்குற மாதிரி எவ்வளவு மரியாதையாப் போகுது! தண்ணி வண்டி வேற. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

மாப்பிள்ளை வீடு வந்தது. "நிறுத்தச் சொல்லுங்கம்மா," என்றார் ஆபீசர்.

"நிறுத்துடா."

"நிறுத்துறது யார் பங்குலயும் வரலையேக்கா," என்றான் ஒச்சு.

ஆபீசர் கைக்கு அகப்பட்டதை எல்லாம் இழுத்தார், அமுக்கினார். எதை அமுக்கினாலும் ஹார்ன்தான் அடித்தது. அது மேளச் சத்தத்துக்குப் பொருத்தமாகவே இருந்தது. மாப்பிள்ளை வீட்டைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, எங்கள் ஊருக்கே வந்து, அக்கா வாசலில் இருந்த வைக்கோல் படப்புக்குள் லாரி பின்பக்கமாய் நுழைந்து நின்றது. நானும் சங்கிலியும் வைக்கோலுக்குள்ளிருந்து தலையை நீட்டினபோது, பூ சுற்றின காரும் ஜீப்பும் சொந்தபந்தம் ஏறின ரெண்டு வேனும் வரிசையாக வந்து நின்றன. முன்னால் போகிற வண்டியை விட்டுவிட்டுத் திரும்பினால் மரியாதை இல்லை என்று எல்லோரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா குதித்து இறங்கி ஆரத்தி கரைத்தாள். பொண்ணு வலது காலை எடுத்து வைத்து அக்கா வீட்டுக்குள் வந்தது. பாலும் பழமும் கொடுத்தோம். பழம் இல்லை, பாலும் முறுக்கும்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் ஒரு சந்தேகம் கேட்டாள். "முன்னால வந்தது நெறஞ்ச வண்டிதானே?"

"சொட்டு இல்லீங்க. பூராவும் இறக்கியாச்சு," என்றான் சங்கிலி, வேலையைச் சுத்தமாய்ச் செய்த பெருமையில்.

அந்தம்மா முகம் வெளுத்துவிட்டது. காலி வண்டியா எதிரே வந்தது? அக்கா ஓடிப்போய் ஒரு குடம் தண்ணி கொடுத்தாள். ஒச்சு டேங்க் மேல் ஏறி ஊற்றி, எட்டிப் பார்த்து, "இருக்கு," என்றான். அப்புறம்தான் அந்தம்மா மூச்சு விட்டாள்.

மறுநாளே பூவலிங்கம் வந்தார். ஆவணியில் மண்டபம் எடுத்த அத்தனை வீட்டாரும் அந்த மரியாதையைக் கேட்கிறார்களாம். ஒப்பந்தம் அக்காவுக்கே நிலைத்தது. ஒரே ஒரு நிபந்தனை: திரும்புகிறபோது டேங்க் நிறைந்திருக்க வேண்டும்.

அதனால் இப்போது முழு டேங்க் தண்ணியோடு கவர்மெண்டுப் பங்கில் முன்னால் போகிறோம். மணலில் முட்டி நிற்கிறோம். அதே முழு டேங்கோடு அக்கா பங்கில் பின்னால் வருகிறோம். ஒரு சொட்டு இறக்குவதில்லை. மண்டபத்துக்குத் தண்ணி வேற வண்டி ஊற்றுகிறது.

ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் ஒச்சு டேங்க் மேல் ஏறி எட்டிப் பார்க்கிறான். அதே தண்ணிதான். இந்த வட்டாரத்தில் அந்தத் தண்ணி பார்க்காத கல்யாணம் இல்லை. பாவம், ஒரு பந்திக்குக்கூட அதை யாரும் கூப்பிட்டதில்லை.