புனிதவதி வீட்டுப் பனி

சித்திரை மாசத்தில் நாமக்கல் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே கோழிகூட, "இன்னைக்கு வேண்டாமே" என்று ஒரு யோசனை யோசித்துவிட்டுத்தான் முட்டை போடும்.

அப்படிப்பட்ட ஒரு நாளில் பண்ணையின் முட்டை அறையில் உட்கார்ந்து அட்டையில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள் சொர்ணலதா. அன்றைக்கு அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு உண்மை. அதைப் போய்ப் பக்கத்தில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்த புனிதவதியிடம் கேட்டாள் பாருங்கள், வினையே அங்கேதான்.

விஷயம் இதுதான். அவள் மகள் மகிழினி இன்னும் நடை பழகவில்லை. அதற்குள் முதுகு முழுக்கக் கேழ்வரகைத் தூவினாற்போல வேர்க்குரு. பிள்ளையும் தூங்குவதில்லை, பெற்றவளும் தூங்குவதில்லை. பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல் அவள் புருஷன் காலையில் சொல்லிவிட்டான்: "ஏசி ஒண்ணு வாங்கிடலாம். குளிர் மட்டும் வர்றதா, சூடும் குளிரும் ரெண்டும் வர்றதா, நீயே விசாரிச்சுச் சொல்லு. சாயங்காலம் கடையில இருந்து போன் பண்றேன்."

யாரை விசாரிப்பது? அவர்கள் தெருவில் ஏசி இருப்பது புனிதவதி வீட்டில் மட்டும்தான். ரெண்டும் வருகிற ரகம்.

"ஏனுங்க்கா, உங்கூட்டு ஏசி நல்லாக் குளிருதுங்களா?"

புனிதவதி கையிலிருந்த முட்டையைக் கீழே வைத்தாள். கதை சொல்ல அவளுக்கு இரண்டு கையும் வேண்டும்.

"நல்லாக் குளிருதாவா? கேக்கற கேள்வியப் பாரு! கடையிலயே அது என்ன பாடு படுத்துச்சு தெரியுமா கண்ணு? கடைக்காரப் பையன் வரிசையா ஏசியக் காட்டறான். ஒவ்வொண்ணு முன்னாடியும் நின்னு பாத்தேன். எல்லாம் சோத்த ஊதி ஆத்தற மாதிரி காத்து. கடைசியா மூலையில ஒண்ண மட்டும் சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருந்தான். 'அது வேண்டாங்க்கா, ஊட்டிக்காரங்களே தாங்க முடியலன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க'ன்னான். அதையே அவுத்து உடுன்னேன்."

"கடிக்குமா?" என்றாள் நாச்சம்மா.

நாச்சம்மா அங்கே விரிசல் முட்டை பொறுக்குகிறவள். வெளிச்சத்தில் ஒரு திருப்புத் திருப்பினால் போதும், மயிரிழை விரிசலாக இருந்தாலும் கண்டுபிடித்துத் தனியே எடுத்து வைத்துவிடுவாள். முட்டைக்கு வைத்திருக்கிற அதே கண்ணைத்தான் புனிதவதியின் பேச்சுக்கும் வைத்திருந்தாள்.

"கடிக்காது. ஆனா முன்னால நின்ன அந்தப் பையனுக்கு மீசை வெள்ளையாப் போயிருச்சு. கலியாணம் ஆகாத பையன். அதுக்கப்புறம் பொண்ணு பாக்கப் போற எடத்துல எல்லாம் 'மாப்பிள்ளை வரலீங்களா?'ன்னு அவங்கிட்டயே கேக்கறாங்களாம்."

அறையே சிரித்தது. சொர்ணலதாவும் சிரித்தாள். ஆனால் சிரிப்பு வேறு, முதுகு முழுக்க வேர்க்குரு வேறு இல்லையா?

"அது சரிங்க்கா, குழந்தைக்கு ஒத்துக்குங்களா? சளி புடிக்காதுங்களா?"

"சளியா! எங்கூட்டுக்குள்ள வர்றதுக்குச் சளிக்கே பயம். கொசு இருக்குதே கொசு, அது உள்ள வந்தா ரெக்கை வெறைச்சுப் பறக்க முடியறதில்ல. வரிசையா நடந்து வருது. வந்து போர்வைய லேசாத் தூக்கி உள்ள படுத்துக்குது. கடிக்கறதில்ல. நாங்களும் ஒண்ணும் சொல்றதில்ல, பாவம். செவுத்துல இருந்த பல்லி அங்கயே உறைஞ்சு ஒட்டிக்கிச்சு. எங்க அவரு அது வாலுலதான் சட்டைய மாட்டறாரு."

"முழுக்கைச் சட்டையா, அரைக்கைச் சட்டையா?" என்றாள் நாச்சம்மா.

"முழுக்கைதான். அரைக்கையைப் போட்டுட்டு எங்கூட்டுக்குள்ள இருந்துருவாரா?"

யார் கையிலோ ஒரு முட்டை 'டப்'பென்றது. சிரித்த வேகத்தில் இறுக்கிவிட்டாள் போல.

சொர்ணலதா விடவில்லை. "சத்தம் எப்படிங்க்கா? வெளியூர்ல எங்க தம்பி ஊட்டு ஏசி ராத்திரி பூரா உர்ருனு இருக்குமுங்க."

"பொட்டுச் சத்தம் கெடையாது! நாம காதைத் தீட்டிட்டு நின்னாலும் கேக்காது. அட, சத்தம் வந்தாத்தான் என்ன? அந்தக் குளிர்ல அது வெளிய வரமுடியுமா? எங்க அவரு விடற கொறட்டை தெருவுக்கே தெரியும். ஏசி மாட்டின அன்னைக்கு வாயில இருந்து கெளம்புனதுதான், அப்படியே உறைஞ்சு பொலபொலன்னு பாயில கொட்டிக் கெடந்துச்சு. விடியக்காலம் கூட்டி மொறத்துல அள்ளித் தென்னை மரத்தடியில போட்டேன். மத்தியானம் வெயில் ஏறுச்சு பாரு, தென்னை மரம் கொறட்டை விட ஆரம்பிச்சிருச்சு! தேங்காய் போட வந்த ஆளு, 'மரம் தூங்குதுங்க, எழுப்ப வேண்டாம்'னு எறங்கிப் போயிட்டான்."

"தண்ணி சொட்டுங்களா? தம்பி ஊட்ல வெளியே எப்பவும் ஒரு பக்கெட் வெச்சிருப்பாங்க."

"ஒரு சொட்டு வராது! சும்மா ஏசிதான் சொட்டும். இது குடும்பப் பாங்கான ஏசி."

"கரண்டுங்க?"

"மீட்டரே நவுர மாட்டேங்குது. மாட்டறதுக்கு முன்னாடி எப்படியோ அப்படியே. கரண்டு ஆபீசுல இருந்து வந்தவரு மீட்டரத் தட்டித் தட்டிப் பாத்துட்டு, வாசல்ல நின்னு கும்புட்டுட்டுப் போறாரு."

சொர்ணலதா மனசுக்குள் கணக்குப் போட்டாள். சத்தம் இல்லை. தண்ணீர் சொட்டுவதில்லை. கரண்டும் ஏறவில்லை. ஓடாத ஏசிக்கும் இதே லட்சணம்தானே?

புனிதவதிக்கோ வேகம் ஏறிவிட்டது. "குளிர் உள்ள வந்தா, சூடெல்லாம் வெளிய மாட்டியிருக்கற பொட்டி வழியாப் போகணும் இல்ல? அந்த அனல்காத்து வர்ற எடத்துல எங்க நாட்டுக்கோழி ஒண்ணு குந்திக்கிச்சு. முட்டை போடுது, எடுத்துத் தட்டிப் பாத்தா வெந்த முட்டை! தோலை உரிச்சுத் திங்க வேண்டியதுதான்."

"உப்பும் மொளகும்?" என்றாள் நாச்சம்மா.

"உப்புதான் நாம போட்டுக்கணும். மொளகு அங்கயே காய்க்குது. எங்கூட்டு ஜன்னல்ல கசியற குளிரப் பாத்துட்டு, இதுதான் மலை மேலேன்னு நெனைச்சுக் கொல்லிமலையில இருந்து மொளகுக் கொடி ஒண்ணு எறங்கி வந்து ஏசி பைப்புல படர்ந்திருச்சு. பின்னாலயே மேகமும் வந்துச்சு. நாந்தான், துணி காயப் போட்டிருக்கேன், அப்புறம் வான்னு அனுப்பி வெச்சேன்."

இதற்குள் நாச்சம்மா ஒரு விரிசலைப் பார்த்துவிட்டாள். எழுந்து வந்து, புனிதவதியின் கழுத்துக்குப் பின்னால் விரலால் தடவினாள். விரலில் வெள்ளையாக ஒட்டியது.

"இது என்ன புள்ள?"

அது என்னவென்று சொர்ணலதாவுக்குத் தெரியும். மகிழினிக்குப் போடுகிற அதே வேர்க்குருப் பவுடர். வாசம்கூட அதேதான்.

புனிதவதி கண்ணைச் சிமிட்டவில்லை. "பனி. காலையில கெளம்பற அவசரத்துல தொடைக்க மறந்துட்டேன். இன்னும் கரையாம நிக்குது பாரு!"

"சரி," என்றாள் நாச்சம்மா. "சாயங்காலம் எல்லாரும் வந்து அந்தப் பனியைக் கண்ணால பாக்கறோம்."

"இன்னைக்கா? ஐயோ, கம்பளி இல்லாம உள்ள வந்தா உங்களுக்கு ஏதாச்சும் ஆயிரும் புள்ள."

கம்பளிக்கு எங்கே போவது? தீவனம் வருகிற கோணிப்பை பண்ணையில் கிடந்தது. வேலை முடிந்ததும் நாச்சம்மா ஆளுக்கொரு கோணியை உதறிக் கொடுத்தாள். தார் ரோடு இளகுகிற வெயிலில், கோணியைப் போர்த்திக்கொண்டு ஐந்தாறு பெண்கள் ஊருக்குள் நடந்து போனார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். சொர்ணலதா வழியில் மாமியாரிடமிருந்து மகிழினியை வாங்கிக்கொண்டாள். சிணுங்கிச் சிணுங்கி முதுகைச் சொறிந்துகொண்டே வந்தது பிள்ளை. போன் எப்போது வேண்டுமானாலும் அடிக்கும். என்ன சொல்வது?

புனிதவதி மட்டும் வரவரப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அவள் வீட்டுச் சங்கதி தெருவுக்கே தெரியும். புருஷன், நாத்தனார் எல்லாரும் குளிர் மட்டும் போதும் என்றார்கள். மார்கழியில் இட்லி மாவு பொங்குவதில்லை, அதற்காகவாவது சூடு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று ரெண்டும் வருகிறதையே வாங்க வைத்தவள் அவள்தான். அது குளிரவில்லை என்று எந்த வாயால் சொல்லுவாள்?

கதவைத் திறந்தார்கள். உள்ளே ஜன்னலெல்லாம் இறுக்கமாகச் சாத்தி, ஏசிக்கு விபூதி பூசிக் குங்குமம் வைத்திருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. வாயும் திறந்திருந்தது. காத்துதான் இல்லை. அதன் கீழே புனிதவதியின் வீட்டுக்காரர் குப்புராசு வேர்த்து வடியக் காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"என்ன, எல்லாரும் கோணியோட வந்திருக்கீங்க?"

"குளிருக்குங்கண்ணா," என்றாள் நாச்சம்மா.

குப்புராசு பெண்டாட்டியைப் பார்த்தார். பெண்டாட்டி ஏசியைப் பார்த்தாள்.

"இத்தனை பேரை ஒண்ணா பாத்ததும் வெக்கப்பட்டுக்கிச்சு," என்றாள் புனிதவதி. "ஆளு போனதும் பாருங்க, பொத்துக்கிட்டு வரும்."

சொர்ணலதா பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ரிமோட்டை எடுத்தாள். வாங்கி வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதன் திரையில் ஒரு சூரியன் படம் தெரிந்தது.

"இந்தச் சூரியன் எதுக்குங்க்கா?"

"வெயில் காலத்துக்கு. இதுகூடத் தெரியாதா கண்ணு? மாட்ட வந்த பையன் மாட்டி முடிச்ச நேரம் கரண்டு போயிருச்சு. வந்ததும் போட்டுக்குங்கன்னு போயிட்டான். நானே பாத்துப் பாத்துக் கண்டுபுடிச்சேன். சித்திரைக்குச் சூரியன். அமுக்கினா இன்னொண்ணு வரும் பாரு, புள்ளிக் கோலம். அது மார்கழிக்கு."

சொர்ணலதா அமுக்கினாள். கோலம் வந்தது. ஆறு பக்கமும் இழுத்து, நடுவில் சேர்த்து, நுனியில் கிளை பிரித்து. மார்கழியில் வாசலில் போடுகிற கோலமேதான். யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அவளுக்கு ஒரு சந்தேகம். சூடும் குளிரும் தருகிற பெட்டி. சூரியன் சூட்டைத் தருமா, குளிரைத் தருமா?

"கோலத்தையே வெச்சுப் பாக்கலாமுங்க்கா."

"சித்திரையிலயா!"

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நாச்சம்மா கோணியை மடிக்க ஆரம்பித்தாள். குப்புராசு அட்டையை மறுபடி எடுத்தார். புனிதவதி தரையைப் பார்த்தாள்.

அப்போது வீட்டுக்குப் பின்னால் 'உர்ர்ர்' என்றது. வெளிப் பெட்டியின் அடியில் நிழலுக்குப் படுத்திருந்த நாட்டுக்கோழி 'கெக்கெக்கே' என்று அலறிக்கொண்டு வேலியைத் தாண்டியது. ஏசியின் வாயிலிருந்து மெல்ல ஒரு காத்து வந்து, முதலில் குப்புராசுவின் தலைமயிரை அசைத்தது. அப்புறம் காலண்டர் அட்டையை. அப்புறம் மகிழினியின் முதுகை. பிள்ளை சொறிவதை நிறுத்தியது. அண்ணாந்து பார்த்தது. அம்மாவின் தோளில் கன்னத்தை வைத்து ஒரு பெருமூச்சு விட்டது, கண்ணை மூடியது.

வெளியே 'சொட்' என்று ஒரு சொட்டு விழுந்தது.

"சொட்டுது!" என்றார் குப்புராசு. காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்கிற குரலில்.

நாச்சம்மா மடித்த கோணியைத் தரையில் விரித்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். யாருக்கும் வீட்டுக்குப் போகிற எண்ணம் வந்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் புனிதவதியின் வாயைப் பார்த்தார்கள். அவளோ காத்து வருகிற இடத்தில் நின்று, கொண்டையை அவிழ்த்து, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள். வாய் திறந்துதான் இருந்தது. வார்த்தைதான் வரவில்லை. அவள் வார்த்தை நிஜமாகவே உறைந்துபோனது அப்போதுதான்.

சொர்ணலதாவின் போன் அடித்தது. அவள் பிள்ளை எழாதபடி மெதுவாகப் பேசினாள்.

"மாமா, விசாரிச்சுட்டேன். குளிர் மட்டும் வர்றதே வாங்குங்க. சூரியன் நமக்கு வானத்துல இருக்கறதே போதும். கோலம் மட்டும் போட்டிருக்கற ரகமாப் பாத்து எடுத்துட்டு வாங்க."

மறுநாள் முட்டை அறையில் எல்லோரும் வேலையைத் தொடங்கி வெகுநேரம் ஆன பிறகுதான் புனிதவதி வந்தாள். தலை வாரியும் வாராமலும் இருந்தது. கன்னத்தில் பாய்க் கோடு பதிந்திருந்தது. கழுத்தில் பவுடர் இல்லை. வந்தவள் பேசாமல் உட்கார்ந்து, அட்டையை இழுத்து, முட்டை அடுக்க ஆரம்பித்தாள். இரண்டு கையாலும்.

அறையே காத்துக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் நாச்சம்மாதான் கேட்டாள். "என்ன புள்ள, இன்னைக்கு என்ன ஆச்சு? மேகம் வந்து வழிய மறைச்சிருச்சா?"

"தூங்கிட்டேன்."

"அப்புறம்?"

"நல்லா இருந்துச்சு. தூங்கிட்டேன். அவ்வளவுதான்."

நாச்சம்மா கையிலிருந்த முட்டையை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு திருப்புத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓரமாக வைத்தாள்.

"போ புள்ள. புளுகறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?"