எல்லோருக்கும் தண்ணீர்

ஒரு காட்டில், கோடை வந்துவிட்டால் ஆறு இருந்த இடமே தெரியாது. கரைக்குக் கரை மணல்தான் கிடக்கும். அந்த மணலுக்கு நடுவே ஒரே ஒரு மடு மிஞ்சும். காட்டை ஆண்ட காட்டெருமை அதற்குள் இறங்கிப் படுத்துக்கொள்ளும். மழை வரும்வரை எழுந்திருக்காது. மற்ற விலங்குகள் கரையில் நின்று அதன் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த விலங்குகள் ஒருநாள் மருத மரத்தடியில் கூடின. காட்டெருமையை இறக்கிவிட்டு யானையைத் தலைவராக்கின.

யானை அதிகம் பேசாது. அன்று ஒன்றே ஒன்று சொன்னது.

"அடுத்த கோடையில் இந்த ஆற்றில் எல்லோருக்கும் தண்ணீர் இருக்கும். இது என் வாக்கு."

மழை வந்தது, போனது. கோடையும் வந்தது. ஆறு மறுபடியும் மணலானது. இந்த முறை அந்த ஒரு மடுவும் வற்றிப்போனது.

"தண்ணீர் வந்துவிட்டது! தலைவர் சொன்னதைச் செய்துவிட்டார்!" என்று காடெங்கும் ஊளையிட்டுக்கொண்டு ஓடியது நரி. அதுதான் புதிய அமைச்சர். யானை தும்மினால்கூட, "ஆகா, என்ன ராகம்!" என்று சொல்லும்.

"எங்கே வந்தது? உன் வாயிலா?" என்று கிளையில் தொங்கிக்கொண்டே கேட்டது குரங்கு. அதற்கு எதையும் கேலி செய்துதான் பழக்கம். "ஆற்றில் கால் வைத்தால் கொப்புளம் வருகிறது. தண்ணீராம், தண்ணீர்!"

"ஆற்றின் மேல்வளைவுக்குப் போய்ப் பார்!"

"போவானேன்? இங்கிருந்தே தெரிகிறதே!"

இப்படி இரண்டும் கத்திக்கொண்டிருந்தன. நடுவில் தவித்தது புள்ளிமான். அது குட்டி போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தண்ணீர் இல்லையென்றால் மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவது என்று மான்கூட்டம் முடிவு செய்திருந்தது. வழியெல்லாம் செந்நாய்கள். பெரிய மான்கள் ஓடித் தப்பிவிடும், குட்டிகள் தப்பாது. போகாமல் தங்கி, தண்ணீரும் இல்லாமற்போனால், எல்லோருமே சாக வேண்டியதுதான்.

புள்ளிமான் உடும்பைத் தேடிப் போனது.

"அண்ணே, நீ போய்ப் பார்த்துச் சொல்லேன். நரி சொன்னாலும் நம்ப முடியவில்லை, குரங்கு சொன்னாலும் நம்ப முடியவில்லை. நீ பிடித்ததை விடமாட்டாய். நீ சொன்னால் நான் நம்பிவிடுவேன்."

உடும்பு யோசித்தது. "சரி. ஆனால் ஒன்று. தண்ணீர் என் நாக்கில் படாமல் 'இருக்கிறது' என்று என் வாயிலிருந்து வராது."

"அதற்குத்தான் உன்னிடம் வந்தேன்" என்றது மான்.

விடிந்ததும் உடும்பு புறப்பட்டது. அதன் பின்னால் காடே புறப்பட்டது.

மேல்வளைவைத் திரும்பியதும் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. ஆற்றின் நடுவில் மணல் குன்றுபோலக் குவிந்து கிடந்தது. குன்றுக்குப் பக்கத்தில் குறுகலாக, ஆழமாக ஒரு பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் யானை நின்றிருந்தது. அதன் தும்பிக்கை நுனி தேய்ந்து சிவந்திருந்தது. முன்கால் நகங்கள் உடைந்திருந்தன. இத்தனை நாளும் அது நரியைத் தவிர யாருக்கும் தெரியாமல் இங்கேதான் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறது.

குரங்கு வாயை மூடிக்கொண்டது. அந்தக் காட்டில் அப்படி ஒன்று அதுவரை நடந்ததில்லை.

உடும்பு ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தது. அடி தெரியவில்லை. குளிர்ந்த காற்று மட்டும் முகத்தில் வந்து மோதியது. அது நகங்களைப் பள்ளத்தின் சுவரில் பதித்துத் தலைகீழாக இறங்கியது. மணல் முதலில் சுட்டது. பிறகு வெதுவெதுத்தது. பிறகு வயிற்றுக்கடியில் சில்லென்று ஒட்டியது. வானம் ஓர் இலையளவுக்குச் சுருங்கிவிட்டது. கீழே, இருட்டில், ஏதோ மினுங்கியது.

உடும்பு நாக்கை நீட்டியது.

தண்ணீர்!

மேலே எல்லோரும் 'ஆறு செத்துவிட்டது' என்று அழுதுகொண்டிருக்க, ஆறு மணலுக்கு அடியில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. 'எத்தனை கோடை நாம் இதன்மேல் நடந்திருப்போம்! நம் காலுக்குக் கீழே இது இருந்ததே!' உடும்பு வயிறு நிறையக் குடித்தது. அந்தத் தண்ணீரில் ஒருமுறை முழுகி எழுந்தது. யானையின் காலில் விழுந்து கும்பிட வேண்டும்போல இருந்தது அதற்கு.

உடல் முழுக்க நீர் சொட்டச் சொட்ட அது மேலே வந்தது.

"என்ன? என்ன?" என்று எல்லாம் சூழ்ந்துகொண்டன.

"தண்ணீர் இருக்கிறது" என்றது உடும்பு.

காடே ஆர்ப்பரித்தது. மயில்கள் தோகையை விரித்தன. நரி ஒரு குதி குதித்தது. "நான் சொன்னபோது நம்பினீர்களா? உடும்பே, 'வாக்கு நிறைவேறியது' என்று அதையும் உன் வாயாலேயே சொல்லிவிடு. எல்லோரும் நிம்மதியாகப் போகட்டும்!"

உடும்புக்கு மனம் நிறைந்திருந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தது.

அப்போது மான்குட்டி தண்ணீர் வாசனையைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தின் ஓரத்துக்குப் போனது. கழுத்தை நீட்டிப் பார்த்தது. காலடி மணல் சரிந்தது. தாய் பதறி இழுத்துக்கொண்டது. குட்டி இங்கும் அங்கும் பார்த்தது. பிறகு உடும்பிடம் வந்து, அதன் ஈரமான முதுகை நக்கத் தொடங்கியது. முதுகு காய்ந்ததும் வாலை நக்கியது.

உடும்பு திறந்த வாயை மூடிக்கொண்டது. 'இறங்க எனக்கு நகம் இருந்தது. எடுக்க யானைக்குத் தும்பிக்கை இருக்கிறது. இந்தக் குட்டிக்கு என்ன இருக்கிறது?'

"நிறைவேறவில்லை" என்றது உடும்பு.

மயில்கள் விரித்த தோகையைச் சுருக்கிக்கொண்டன.

"நான் அப்போதே சொன்னேன்! எல்லாம் ஏமாற்று!" என்று குரங்குக்கு மறுபடியும் வாய் வந்துவிட்டது.

"நீ சொன்னதும் சரியில்லை. தண்ணீர் இருக்கிறது."

"நாக்கில் ஈரம்கூடக் காயவில்லை, அதே நாக்கால் இல்லை என்கிறாயே, நன்றி கெட்டவனே!" என்று நரி பல்லைக் கடித்தது.

உடும்பின்மேல் ஒரு நிழல் விழுந்தது. யானை வந்து நின்றிருந்தது. மற்ற விலங்குகள் பின்வாங்கின. ஒரு கால் எடுத்து வைத்தால் உடும்பு இருந்த இடம் தெரியாது. ஓடிவிடலாமா என்றுதான் இருந்தது அதற்கு. ஆனால் அடியிலிருந்த பாறையை இறுகப் பிடித்துக்கொண்டது.

"நான் பொய் சொன்னேனா?" என்று கேட்டது யானை.

"இல்லை, தலைவரே. இப்படி ஒரு வேலையை நான் பார்த்ததே இல்லை."

"பிறகென்ன குறை?"

"எல்லோருக்கும் என்றீர்கள். அந்த எல்லோரும் இன்னும் மேலேதான் நிற்கிறார்கள்."

யானை மான்குட்டியைப் பார்த்தது. பள்ளத்தைப் பார்த்தது.

"தும்பிக்கை உள்ளவன் தோண்டினால் இப்படித்தான் தோண்டுவான்" என்றது மெதுவாக.

பிறகு தன் காலைத் தூக்கிப் பள்ளத்தின் விளிம்பில் வைத்து அழுத்தியது. சுவர் இடிந்து சரிந்தது.

"ஐயோ, தலைவரே! எத்தனை நாள் உழைப்பு!" என்று அலறியது நரி.

பள்ளம் மூடிக்கொண்டது. தண்ணீரைக் காணோம். புள்ளிமான் கண்ணை மூடிக்கொண்டது. 'என் ஒரு சொல்லால் இருந்ததும் போய்விட்டதே!' என்று உடும்பு நினைத்தது.

யானை மண்டியிட்டது. புண்ணான தும்பிக்கையால் சரிந்த மணலை வாரி வாரி வெளியே தள்ளியது. செங்குத்தாக இருந்த பள்ளம், நடந்து இறங்கும் சரிவாக மாறியது. அடியில் மணல் காய்ந்தே கிடந்தது. ஒரு விலங்கும் அசையவில்லை.

மெல்ல அந்த மணலின் நிறம் மாறியது. பிறகு அது பளபளத்தது. தூங்கி எழுந்த கண்போல ஒரு சிறு நீர்வட்டம் திறந்தது. அது விரிந்தது, விரிந்தது, அதில் வானம் தெரிந்தது.

மான்குட்டி தள்ளாடித் தள்ளாடிச் சரிவில் இறங்கி வாய் வைத்தது.

"இனி மலையைத் தாண்ட வேண்டாம்" என்று புள்ளிமான் தன் கூட்டத்திடம் சொன்னது.

"இப்போது?" என்று உடும்பிடம் கேட்டது யானை.

"கொஞ்சம் பொறுங்கள், தலைவரே."

முயல் குடித்தது. முள்ளம்பன்றி குடித்தது. கௌதாரி குடித்தது. பழைய காட்டெருமையும் தலையைக் குனிந்துகொண்டு வந்து குடித்துவிட்டுப் போனது. கடைசியாக ஆமை ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தது. குடித்து முடித்துக் கழுத்தை நிமிர்த்தியது.

"இப்போது நிறைவேறியது" என்றது உடும்பு.

அதுவரை ஒரு வாய்கூடக் குடிக்காமல் நின்றிருந்த யானை, அதற்குப் பிறகுதான் தண்ணீருக்குத் தும்பிக்கையை நீட்டியது.

நீதி: வாக்கு நிறைவேறியதா என்பதைக் கொடுத்தவரின் வாயைப் பார்த்துச் சொல்லாதே; பெற வேண்டியவரின் தொண்டை நனைந்ததா என்று பார்த்துச் சொல்.