ஆமையார் வளர்த்த கொழுத்த குஞ்சு

இலுப்பைக் காட்டுக் குளத்தில் கருப்பாயி என்றொரு விரால் மீன் இருந்தாள். விரால் தன் குஞ்சுகளைக் கண்ணைவிட்டு அகல விடாது. செக்கச்செவேலென்று கூட்டமாகத் திரியும் தன் குஞ்சுகளுக்கு அடியிலேயே நீந்தி, அவளும் அப்படித்தான் காவல் காத்தாள். எல்லாம் ஆமையாரின் பேச்சில் மயங்கும் வரைதான்.

ஆமையார் குளத்தை ஒட்டிய, கோடையிலும் வற்றாத பள்ளத்தில் குஞ்சு வளர்ப்பு நடத்தினார். தாய்மார் கொண்டுவரும் நத்தைகள்தான் அவருக்குக் கூலி. கோடை வந்ததும், குளம் வற்றுகிறது, மீன்கொத்தி வேறு சுற்றுகிறது, என்னிடம் விடு என்றார். எல்லாரும் அங்கேதான் பிள்ளைகளை விடுகிறார்கள் என்று கெண்டையும் கெளுத்தியும் சொல்லின. கருப்பாயி மனசில்லாமல் விட்டுவிட்டு வந்தாள்.

மழை பெய்து குளம் நிரம்பியது. பிள்ளைகளை அழைத்துவர வாய்க்கால் வழியாக ஏறிப் போனாள். பள்ளத்து வாசலில் புதிதாகக் குஞ்சுகளை விட வந்தவர்களும், முன்பு விட்டதை அழைத்துப்போக வந்தவர்களுமாகத் தாய்மார் கூட்டம். ஆமையார் கரையோரச் சேற்றில் நின்றுகொண்டு, உருண்டு திரண்ட ஒரு குஞ்சைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். அது அவளுடைய மூத்தவன்.

"வா கருப்பாயி! இந்தக் காட்டிலேயே இப்படி வளர்ந்தவன் உண்டா?"

அவளுக்கும் ஒரு கணம் நெஞ்சு பூரித்துவிட்டது. பிறகு பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் பளிச்சென்று இருந்தது. பாசி இல்லை, கொடி இல்லை. வருகிறவர்களுக்குக் குஞ்சுகள் நன்றாகத் தெரியவேண்டும் என்று எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டிருந்தார் ஆமையார். சின்னஞ்சிறுசுகள் ஓடி ஒளிய ஓர் இடமில்லை. மூலையில் அவள் பிள்ளைகளில் நாலைந்து நோஞ்சான்கள் மட்டும் வால் கடிபட்டு ஒட்டிக்கொண்டு நின்றன.

"மத்த பிள்ளைங்க எங்கங்க?" என்று கேட்டாள்.

ஆமையார் தலையைப் பாதி ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். சிலதுக்கு முனைப்புப் போதாது, தேறினவனைப் பார்த்துச் சந்தோஷப்படு என்றார். பச்சைக் குஞ்சுகளுக்கு முனைப்புப் போதவில்லையாம்! கருப்பாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூத்தவன் பக்கம் திரும்பினாள்.

"இவ்வளவு பெரிசா வளர என்னடா தின்னே?"

அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ஒரே மூலையிலதாம்மா புழு போடுவாரு. பெரியவங்க நாங்களே தின்னுடுவோம். அதுவும் பத்தாது. பசிச்சா பக்கத்துல இருக்கிற சின்னவனைத் தின்னுடுவேன். நேத்து தம்பியைத் தின்னேன்."

அதுவரை மரியாதை கொடுத்த கருப்பாயியின் வாய் மாறியது.

"பசிச்ச பிள்ளையை நான் குத்தம் சொல்ல மாட்டேன். பெரிசையும் சின்னதையும் பிரிச்சு விட உனக்கு உடம்பு வணங்கல. வயிறு நிறையப் போட மனசு வரல. என் பிள்ளைங்களையே என் பிள்ளைக்குத் தீனியாப் போட்டுட்டு, அவனைக் காட்டி ஆள் பிடிக்கிறியா?"

வாலால் ஓங்கி ஒரு அடி. ஆமையார் மல்லாந்து விழுந்து காலை உதறினார். தூக்கிவிட ஒருவரும் வரவில்லை. தாய்மார் முண்டியடித்துக்கொண்டு தங்கள் குஞ்சுகளைத் தேடி உள்ளே பாய்ந்தார்கள்.

கருப்பாயி மிச்சமிருந்த பிள்ளைகளோடு குளத்துக்குத் திரும்பினாள். மூத்தவனை ஒரு பக்கமும் நோஞ்சான்களை மறு பக்கமும் விட்டு, வழி முழுக்கத் தான் நடுவிலேயே நீந்தினாள்.

கொழுத்த ஒருவனைக் காட்டித் தன் வளர்ப்பைப் பெருமை பேசுகிறவனிடம், மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.