கரடி வைத்தியர் கொடுத்த தீர்த்தம்

ஆவாரங்காட்டுக் குளக்கரையில் சடையன் என்றொரு கரடி வைத்தியம் பார்த்து வந்தது. யாரிடம் படித்தது என்று கேட்கக்கூடாது. ஒருமுறை தேனீ கொட்டிய மூக்கை அது குளத்தில் முக்கியது; எரிச்சல் நின்றது. அன்றிலிருந்து அது வைத்தியர்.

கோடை வந்தால் அந்தக் காட்டில் ஒரு பொல்லாத நோய் வரும். காலில் கொப்புளம் கிளம்பும். அது உடைந்தால் வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலைகாட்டும். நரம்புச்சிலந்தி என்பார்கள். கால் தீயாய் எரியும். புழுவைப் பிடித்து இழுத்தால் அறுந்துபோகும். அறுந்தால் கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். ஓடிப் பிழைக்கிற மானுக்குக் கால் போனால் அப்புறம் என்ன இருக்கிறது? செந்நாய்களுக்கு அந்தக் கோடைகளில் நல்ல விருந்து.

சடையனிடம் இதற்குக் கைகண்ட மருந்து இருந்தது. காலைக் குளத்தில் விட வேண்டும். அவ்வளவுதான். எரிச்சல் அப்போதே தணிந்துவிடும். தணிந்ததும் நோயாளியும் கூட வந்த சொந்தபந்தங்களும் அதே குளத்தில் ஆளுக்கொரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். அதற்குத் 'தீர்த்தம்' என்று பெயர் வைத்திருந்தது சடையன். குடித்துவிட்டு ஒரு தேனடையை வைத்துவிட்டுப் போகலாம். தேன் கிடைக்காதவர்கள் இலுப்பைப்பூ கொண்டுவந்தாலும் போதும், வைத்தியர் இரக்கமுள்ளவர்.

நோய் மட்டும் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போனது. தன் கைராசியைக் கேள்விப்பட்டுத்தான் கூட்டம் பெருகுகிறது என்று சடையன் நினைத்துக்கொண்டது.

எட்டிப் பார்க்காதவை மந்திகள் மட்டும்தான். அவை மலையடிவாரத்துப் பாறை ஊற்றில் தண்ணீர் குடித்தன. ஒரு மந்திக்கும் அந்த நோய் வந்ததில்லை. திமிர் பிடித்ததுகள், தன்னிடம் வரக்கூடாது என்பதற்காகவே நோய் வராமல் இருக்கின்றன என்று சடையன் எல்லோரிடமும் குறைசொல்லியது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்தக் கோடையில் சடையனின் இடது காலிலேயே கொப்புளம் உடைந்தது. ஊரையெல்லாம் வரிசையில் நிற்கவைத்த வைத்தியர், "ஐயோ, அம்மா!" என்று கத்திக்கொண்டு குளத்துக்கு ஓடியது. கால் தண்ணீரைத் தொடப்போகிற நேரத்தில் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"சீக்கிரம் விடுங்க வைத்தியரே. நான் பிள்ளைத்தாச்சி. தாங்க முடியல."

"யாரது?"

"உங்க காலுக்குள்ள ஒரு வருஷமா குடியிருக்கிறவதான். தண்ணியில விட்டீங்கன்னா சுகமா பெத்துக்குவேன். எங்க சனமே உங்க பேரைச் சொல்லித்தான் பொழைக்குது."

புகழ்ச்சி என்றால் சடையனுக்குத் தேனைவிட ருசி. கால் எரிந்தாலும், அப்படி என்ன பெரிதாகச் செய்துவிட்டேன் என்று அடக்கமாகக் கேட்டது. புழு ஆசைதீரச் சொன்னது.

"கால் தண்ணியில பட்டதும் நாங்க குஞ்சுகளைக் கொட்டிடுவோம். தெள்ளுப்பூச்சி மாதிரி பொடிப்பூச்சிங்க அதுகளைத் தின்னும். அந்தப் பூச்சிகளை நீங்க தண்ணியோட குடிப்பீங்க. பூச்சிக்குள்ள சாகாம இருக்கிற குஞ்சுங்க உங்க உடம்புல வளந்து, அடுத்த கோடையில கால் வழியா வெளியே வரும். மத்த காட்டுல எல்லாம் யாராவது தற்செயலா குடிச்சாத்தான் உண்டு. இங்க குடும்பத்தோட வந்து குடிக்கிறாங்களே! உங்க வைத்தியம் இல்லேன்னா எங்க வம்சம் என்னைக்கோ அத்துப்போயிருக்கும்."

பாதி கேட்கும்வரை சடையன் தலையாட்டிக்கொண்டிருந்தது. மீதியைக் கேட்டதும் உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்தது. நொண்டிக்கொண்டே வந்து, கும்பிட்டுத் தீர்த்தம் குடித்துவிட்டுப் போன மான்களெல்லாம் நினைவுக்கு வந்தன. வெட்கத்தில் அதற்கு அழுகையே வந்துவிட்டது.

காலோ எரிகிறது. தண்ணீர் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. கரையில் ஒருவரும் இல்லை. இப்போது நனைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

அந்த நேரம் பார்த்து வேலாயி என்கிற முள்ளம்பன்றி நொண்டிக்கொண்டு வந்தது. பின்னால் அதன் குட்டிகள். போன கோடையில் இதே நோயில் கால் வீங்கி அதன் புருஷன் செத்துப்போயிருந்தது. வேலாயி நேராகத் தண்ணீருக்குப் போனது. குட்டிகள் தீர்த்தம் குடிக்க வாயைத் தாழ்த்தின.

"நில்லு வேலாயி! பிள்ளைகளை இழு!"

"ஏன் வைத்தியரய்யா? எரியுதே!"

இன்றைக்கு நாள் சரியில்லை என்று சொல்லிவிடலாம் போல இருந்தது சடையனுக்கு. வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் நாளைக்கு வேலாயி திரும்ப வருமே, குட்டிகளும் வருமே!

"நான் வைத்தியன் இல்ல, வேலாயி. மூக்கை நனைச்ச கரடி, அவ்வளவுதான். இந்த நோயைக் குளத்துல விட்டதும் நான், அதை உங்களுக்குக் குடிக்கக் கொடுத்ததும் நான். உன் புருஷனுக்கும் நான்தான் கொடுத்தேன்."

வேலாயி திரும்பி நின்று, முள்ளை விரித்து, பின்பக்கமாகவே பாய்ந்து வந்து சடையனின் மேல் ஒரு மோது மோதியது. சடையன் நகரவில்லை. இத்தனை நாள் வைத்தியத்தில் நியாயமாகக் கிடைத்த கூலி இதுதான் என்று தோன்றியது அதற்கு.

பிறகு சடையன் யானையிடம் போய்க் கெஞ்சியது. யானை தும்பிக்கையில் தண்ணீரை உறிஞ்சி, வழிகிற தண்ணீர் குளத்துக்குத் திரும்பாத மணல்மேட்டில் நோயாளிகளின் காலில் ஊற்றியது. எரிச்சல் தணிந்தது. புழுவை இழுக்காமல், நாளுக்குக் கொஞ்சமாக ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்தார்கள். சடையனின் காலிலிருந்த புழு முதலில் கெஞ்சியது, பிறகு புகழ்ந்தது, கடைசியில் திட்டியது. புகழ்ந்தபோதுதான் சடையனுக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

குடிக்கிற தண்ணீருக்கு மந்திகளிடம்தான் போக வேண்டும். சடையனே போய்க் கேட்டது. நடந்ததைக் கேட்டு மந்திகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. சடையனும் கூடச் சேர்ந்து சிரித்தது. சிரித்து முடித்து ஊற்றில் இடம் கொடுத்தன.

அந்தக் கோடை முழுக்கச் சடையன் குளத்துப் பாதையில் குறுக்கே படுத்துக் காவல் காத்தது. யார் வந்தாலும் அதே பேச்சுதான்: "நான் கொடுத்த மருந்துதான் நோய். தண்ணி காலுக்கு வரலாம்; கால் தண்ணிக்குப் போகக்கூடாது!" சிலர் காறித் துப்பினார்கள். ஆனால் திரும்பிப் போனார்கள்.

அடுத்த கோடையில், முன்பே தண்ணீர் குடித்திருந்த சிலருக்கு மட்டும் நோய் கண்டது. அதற்கடுத்த கோடையில் ஒருவருக்கும் இல்லை. வேலாயியின் குட்டிகள் நான்கு காலும் நன்றாக இருக்க, சடையனின் முதுகில் ஏறி விளையாடிவிட்டுப் போயின. பார்க்க ஒரு நோயாளியும் இல்லாமல் சடையன் வெயிலில் படுத்து நிம்மதியாகக் குறட்டை விட்டது.

நோயைத் தீர்க்கிறவன் வைத்தியன்தான். தன்னால்தான் நோய் பரவுகிறது என்று தெரிந்ததும் மானத்தைப் பாராமல் வாய்திறந்து சொல்கிறவன் அவனைவிடப் பெரிய வைத்தியன்.