எட்டு சிலிண்டரும் இடது காலும்

ஊத்துப்பாளையத்தில் மூளைக்குப் பஞ்சம் என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். பஞ்சமெல்லாம் கிடையாது. மூன்று பேரிடம் மட்டும் அது புழங்காமல் புத்தம் புதுசாக இருந்தது, அவ்வளவுதான். அந்த மூன்று பேரில் திருமூர்த்தியிடம் ஒரு கார் இருந்தது. மற்ற இரண்டு பேரிடம் யோசனைகள் இருந்தன.

சாதாரணக் கார் இல்லை. அமெரிக்காவில் செய்து கடல் தாண்டி வந்தது. முன்னால் எட்டு சிலிண்டர் எஞ்சின்; ஸ்டார்ட் செய்தால் பக்கத்துத் தென்னந்தோப்பில் குரும்பை உதிரும். கோயம்புத்தூரில் ஒரு மில்காரர் மகன் வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது வாங்க ஆள் கிடைக்காமல் திருமூர்த்தி தலையில் கட்டிவிட்டுப் போனார். திருமூர்த்தி அதைப் படுதா போட்டு மூடி வைக்கிற ஆள் இல்லை. தினமும் ஓட்டினார்.

அதற்கு முன் இருபது வருஷம் அவர் ஓட்டியது டிராக்டர். டிராக்டரில் இரண்டு காலுக்கும் வேலை உண்டு. இந்தக் காரோ ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது, கீழே இரண்டே பெடல். இரண்டையும் வலது காலே பார்த்துக்கொள்ளும் என்று விற்றவர் சொன்னார். திருமூர்த்திக்கு மனசு கேட்கவில்லை. கூடப் பிறந்த கால் சும்மா உட்கார்ந்திருக்க, ஒரு கால் மட்டும் உழைப்பதா? வலது காலுக்கு ஆக்சிலேட்டரைக் கொடுத்தார். இடது காலுக்குப் பிரேக்கைக் கொடுத்தார். வீட்டில் வைத்த காலைப் போய்ச் சேரும்வரை எடுப்பதில்லை. ஓரவஞ்சனை இல்லாமல் இரண்டையும் ஒரே மாதிரி அழுத்தினார்.

எஞ்சின் அத்தனை உறுமியும் கார் ஏன் இருபத்தைந்தைத் தாண்டவில்லை என்று உங்களுக்குத் தெரிகிறது, எனக்கும் தெரிகிறது. அந்த மூன்று பேருக்கும் தெரியவில்லை. அதுதானே கதை.

திருமூர்த்தியின் மனைவி வசந்தாமணி ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பால் சொசைட்டிக்குச் செகரட்டரி. காலையில் பால் வேன் வருவதற்குள் போய்க் கேட்டைத் திறக்க வேண்டும். ஒரு மாதம் புருஷன் காரில் போய்ப் பார்த்தாள். ஒரு திங்கட்கிழமை பொறுமை தீர்ந்துவிட்டது.

"ஏனுங், பால் வேன் கேட்டுல நின்னுட்டு ஆரன் அடிக்குது. சாவி வெச்சிருக்கற செகரட்டரி பின்னாடி ஊந்துட்டு வர்றேன். எட்டு சிலிண்டராமா எட்டு சிலிண்டரு! வேலியில ஒடக்கான் தலையை ஆட்டி ஆட்டி என்னைப் பாத்துச் சிரிக்குதுங்."

"சித்தெ பொறு வசந்தா, வண்டி இன்னும் பழகோணும்."

"பழகுன வரைக்கும் போதும். நான் என்ற ஸ்கூட்டர்ல போய்க்கறேன். சனிக்கிழமைக்குள்ள ஒரு நாளாச்சும் வேனுக்கு முன்னாடி சொசைட்டி கேட்டைத் தாண்டிக் காட்டுங்க. இல்லீன்னா ஞாயித்துக்கிழமை பழைய காரு வாங்கற உடுமலைக்காரர் வந்து காரை ஓட்டிட்டுப் போயிருவாரு. பேசி வெச்சுட்டேன்."

திருமூர்த்திக்குக் கண் கலங்கிப்போயிற்று. காரைத் துடைக்கிற துணியைத் தன் தோள் துண்டைவிடச் சுத்தமாக வைத்திருக்கிற மனுஷன் அவர். அதைவிட, காலையில் அந்த ஆறு கிலோமீட்டர் வசந்தாமணி பின்சீட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டு வருவது அவருக்கு அவ்வளவு பிடிக்கும். இரண்டும் ஒரே வாரத்தில் போய்விடும் போலிருந்தது.

உடனே சிநேகிதர்களைக் கூட்டினார். ஒருவர் நாச்சிமுத்து, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் குப்புராஜ், சைக்கிள் கடைக்காரர். ஆகவே கார் விஷயத்தில் நிபுணர். மூவரும் அப்பாஸ் பாய் பட்டறைக்குப் போனார்கள். பாய் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள்தான். அந்தப் பாதங்களைப் பார்த்து மூவரும் கும்பிட்டார்கள்.

"பாய், காருக்கு வேகம் ஏத்தோணும். ஆனாச் செலவு ஆகக்கூடாது."

"செலவில்லாம மூணு வேலை செய்யலாம்ணே," என்றது லாரிக்கு அடியிலிருந்து குரல். "வண்டில தேவையில்லாத எடையைக் குறைங்க. எஞ்சினுக்குக் குளுந்த காத்து போற மாதிரி பாத்துக்கங்க. அப்புறம், அந்த மாதிரி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸு ஓட்டற ஆளோட பழக்கத்தைப் பாத்துக் கத்துக்கும். அதுக்கு நல்ல பழக்கமா காட்டுங்க. போதும்."

மூன்றும் சரியான யோசனை. பாய் மேல் தப்பே இல்லை.

முதல் வேலை எடை. காரைச் சுற்றி நின்று மூவரும் எது தேவை, எது தேவையில்லை என்று ஆலோசித்தார்கள். ஸ்டெப்னி போயிற்று, நான்கு சக்கரம் ஓடும்போது ஐந்தாவது எதற்கு? ஸ்டெப்னி இல்லாதபோது ஜாக்கி எதற்கு? அதுவும் போயிற்று. நாச்சிமுத்து கண்ணாடிகளைத் தட்டிப் பார்த்தார்.

"பின்னாடி பாக்கற கண்ணாடி வேணுமா?"

"பின்னாடி வர்றவங்களைப் பாக்கோணுமே," என்றார் திருமூர்த்தி.

"அவிய எல்லாம் எப்படியும் சித்த நேரத்துல முன்னாடி வந்துருவாங்க. அப்பப் பாத்துக்கலாம்."

இதை மறுக்க முடியவில்லை. மூன்று கண்ணாடியும் இறங்கின. அடுத்துப் பின்சீட்டு. அதைக் கழற்றி எறிந்த பிறகு நாச்சிமுத்துவுக்கு உட்கார இடமில்லை என்று தெரிந்தது. குப்புராஜ் தன் கடையிலிருந்து தேக்குமரப் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளே போட்டார். பெஞ்சை ஏற்ற நான்கு ஆள் தேவைப்பட்டது.

"சீட்டுன்னா எடை. பெஞ்சு நம்மளோடது," என்று குப்புராஜ் விளக்கினார்.

கடைசியில் பெட்ரோலில் வந்து நின்றார்கள். பெட்ரோலும் எடைதானே? டேங்கைக் காலி செய்து கேனில் ஊற்றினார்கள். கேனை மொபெட்டில் கட்டிக்கொண்டு குப்புராஜ் கூடவே வருவார். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி ஒரு சொம்பு ஊற்றுவார். ஏற்பாடு பிரமாதம். ஒரே குறை, மொபெட் அடிக்கடி முன்னால் போய்விட்டுக் காருக்காகப் புளியமரத்தடியில் காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றைக்கும் வேன்தான் முந்தியது.

மறுநாள் குளிர்ந்த காற்று.

"குளுந்த காத்துன்னா ஊட்டியிலதான்," என்றார் நாச்சிமுத்து. "சாக்குல புடிச்சுட்டு வரலாமா?"

"சாக்குல ஓட்டை இருக்குமே," என்றார் குப்புராஜ். நிபுணர் என்றால் சும்மாவா?

மீன்காரரிடம் ஐஸ் கேட்டு வாங்கினார்கள். ஒரு பாளம் ஐஸைச் சாக்கில் சுற்றி எஞ்சின் மேல் வைத்துப் பானெட்டைக் கயிற்றால் கட்டினார்கள். எஞ்சின் குளிர்ந்ததோ இல்லையோ, ஊரெல்லாம் மத்தி மீன் வாசம் அடித்தது. ஊர் எல்லையில் இரண்டு பூனைகள் காரைப் பின்தொடர்ந்தன. வாய்க்கால் திருப்பத்தில் அவற்றில் ஒன்று முந்தியது.

திருமூர்த்தி அன்று சாப்பிடவில்லை. வசந்தாமணி தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "பூனையாமே?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாவது யோசனை மிச்சம் இருந்தது. கியர்பாக்ஸ் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்று பாய் சொல்லியிருந்தாரே! நல்ல பழக்கம் யாரிடம் இருக்கிறது? நாச்சிமுத்துவுக்கு இதில் சந்தேகமே இல்லை. பொள்ளாச்சி ரூட்டில் ஓடும் தனியார் பஸ் டிரைவர்களைப் போல வேகமாக ஓட்டுகிறவன் உலகத்தில் எவன் இருக்கிறான்? வியாழக்கிழமை விடிந்ததும் காரைப் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய், பஸ்களைப் பார்த்த மாதிரி நிறுத்தினார்கள். நன்றாகத் தெரியட்டும் என்று குப்புராஜ் ஹெட்லைட்டைத் துடைத்துவிட்டார். சாயங்காலம் வரை கார் பார்த்துக்கொண்டே இருந்தது.

"நல்லாப் பாத்துக்க கண்ணு," என்று திருமூர்த்தி அதன் பானெட்டைத் தடவிக்கொடுத்தார். "உன்ற கையிலதான் இருக்குது எல்லாம்."

திரும்பி வரும்போது கார் அதே இருபத்தைந்தில் வந்தது. இரண்டு இடத்தில் நின்றும் போயிற்று. மூவரும் இறங்கி ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து காரணம் தேடினார்கள்.

"கத்துக்கலையே ஏப்பா?"

நாச்சிமுத்து ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அட, ஸ்டாண்டுல பஸ்ஸெல்லாம் நின்னுட்டுத்தான இருந்துச்சு! இது நிக்கறதைக் கத்துட்டு வந்துருச்சு."

அப்போது பின்னால் பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தினார். "அண்ணா, உங்க காரை ரெண்டு ஊரு முன்னாடியே இருந்து பாத்துட்டு வர்றேன், பிரேக் லைட்டு அணையாம எரிஞ்சுட்டே இருக்குதுங். என்னன்னு பாருங்க."

மூவரும் அவருக்கு மனதார நன்றி சொன்னார்கள். எரிகிற விளக்கு என்றால் கரண்ட் செலவு. கரண்ட் எஞ்சினிலிருந்துதானே வர வேண்டும்? களவு போகிற இடம் தெரிந்துவிட்டது. குப்புராஜ் அங்கேயே பல்புகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை சக்கரங்களிலிருந்து கருகல் வாடை கிளம்பியது. அது வேகத்தின் வாடை என்று அவரே சொன்னார். கொஞ்சம் தெம்பு வந்தது. வேன் அன்றும் முந்தியது.

சனிக்கிழமை விடிந்தது. அதுதான் கடைசி நாள். திருமூர்த்தி குளித்து, திருநீறு பூசி, காருக்கும் பூசி, ஸ்டியரிங்கைப் பிடித்தார். வசந்தாமணி எப்போதோ ஸ்கூட்டரில் போய்விட்டாள். வேன் வருவதற்குள் கிளம்பினார்கள். வலது கால் மிதிக்க, இடது கால் மிதிக்க, எட்டு சிலிண்டரும் கதற, கார் கரட்டு மேட்டை நோக்கி ஊர்ந்தது. அந்த மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் சொசைட்டி கேட்.

குப்புராஜுக்கு மொபெட்டில் இருப்புக் கொள்ளவில்லை. "நீங்க மெதுவா வேகமா வாங்க. நான் முன்னாடி போய்க் கேட்டை நல்லாத் தொறந்து வைக்கறேன்," என்று கத்திவிட்டுப் பறந்துவிட்டார். பெட்ரோல் கேனும் அவரோடு பறந்துவிட்டது.

மேட்டின் அடிவாரத்தில் எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது. திருமூர்த்தி ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "போச்சு நாச்சிமுத்து, எல்லாம் போச்சு. நாளைக்கு ஓட்டிட்டுப் போயிருவாங்க," என்று அழுதேவிட்டார். பெஞ்சில் இருந்த நாச்சிமுத்துவும் கூட அழுதார். தனியாக அழவிடக் கூடாதல்லவா?

பால் வேன் வந்தது. டிரைவர் அய்யாசாமி நல்ல மனுஷன், தாண்டிப் போகவில்லை. "நாலு வண்டி போற ரோடுங், நடுவுல நிக்கக் கூடாது. கட்டி இழுத்துட்டுப் போயிர்றேன். நியூட்ரல்ல போடுங்க," என்றார். பானெட்டைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து வேனுக்கும் காருக்கும் முடிச்சுப் போட்டார்கள். முடிச்சுப் போட்டது நாச்சிமுத்து.

எஞ்சினே ஓடாதபோது காலுக்கு என்ன வேலை? வாரம் பூராவும் உழைத்த கால்கள். திருமூர்த்தி இரண்டையும் பெடலிலிருந்து எடுத்து, சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேன் இழுத்தது. கார் கிளம்பியது பாருங்கள்! இருபத்தைந்து, முப்பது, முப்பத்தைந்து.

"மாப்ள, போகுது!" என்று நாச்சிமுத்து பெஞ்சில் குதித்தார். "வேனுக்கு நேர் பின்னாடி வந்துட்டோம். இன்னும் பத்தடிதான். ஆரன் அடி, சைடு கேளு!"

திருமூர்த்தி ஹாரனை அழுத்தினார். அய்யாசாமி ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கையை நீட்டி முந்திப் போகச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு உச்சியைத் தாண்டினார்.

உச்சிக்கு அந்தப் பக்கம் நல்ல இறக்கம். பால் கேன்கள் சிந்தாமல் இருக்க அய்யாசாமி பிரேக்கைத் தொட்டார். திருமூர்த்தி தொடவில்லை, கால்தான் மடியில் இருந்ததே. கயிறு தொய்ந்தது. நாச்சிமுத்துவின் முடிச்சு அவர் குணப்படி அவிழ்ந்துகொண்டது. கார் வேனுக்குப் பக்கத்தில் வந்தது. வேனைத் தாண்டியது. எழுபதில், சத்தமே இல்லாமல், தேக்குமரப் பெஞ்சின் முழு எடையோடு, குப்புராஜ் அகலத் திறந்து வைத்திருந்த கேட்டுக்குள் நுழைந்து, மாட்டுத்தீவன மூட்டை அடுக்கில் மூக்கைப் புதைத்து நின்றது. வேன் அதற்குப் பிறகுதான் வந்தது.

தவிட்டுப் புகை அடங்கியதும் வசந்தாமணி ஓடி வந்தாள். உள்ளே அவள் புருஷன் சம்மணம் கலையாமல், தலையெல்லாம் தவிடோடு, சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். அவளுக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லீல்லங்? சரி. சொன்ன சொல்லு சொன்னதுதான். உடுமலைக்காரருக்குக் காரு இல்லைன்னு சொல்லீரலாம். திங்கட்கிழமை இருந்து நான் உங்க கார்லயே வர்றேன்."

அந்த நிமிஷம் திருமூர்த்திக்கு இருந்த சந்தோஷம் ஊரில் எவனுக்கும் இருந்திருக்காது. ஆனால் பொறுப்பும் கூடவே வந்துவிட்டது. திங்கட்கிழமையும் முந்த வேண்டுமே! அன்று மத்தியானமே மூவரும் சைக்கிள் கடையில் கூடினார்கள்.

"இத்தனை பண்ணியும் போகாத வண்டி இன்னைக்கு எப்படிப் போச்சு? யோசிங்கப்பா," என்றார் திருமூர்த்தி. "இன்னைக்கு மட்டும் என்ன மாத்துனோம்?"

"ஐஸு இல்லை," என்றார் நாச்சிமுத்து.

"நேத்தும் இல்லை."

குப்புராஜ் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியில் நரம்பு புடைத்தது. "மத்த நாளெல்லாம் எஞ்சின் ஓடுச்சு," என்றார் மெல்ல. "இன்னைக்கு ஓடலை."

நாச்சிமுத்து குந்தியிருந்த இடத்திலிருந்து துள்ளி எழுந்தார்.

"அட ஆமா!" என்றார் நாச்சிமுத்து. "எட்டு சிலிண்டரும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு இழுத்துட்டு இருந்திருக்குது. பாய் அன்னைக்கே சொன்னாரு, தேவையில்லாத எடையைக் குறைங்கன்னு. நாம கண்ணாடியைப் போய்க் கழட்டிட்டு இருந்தோம்!"

ஞாயிற்றுக்கிழமை வசந்தாமணி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம், விஷயம் தெரியாமல் உடுமலைக்காரர் வந்து சேர்ந்தார். வாசலில் எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒரு தார்ப்பாய் மேல் தனியாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் மூன்று பேரும் கரியும் கிரீஸுமாக, முகம் நிறைய வெற்றியோடு நின்றார்கள்.

"காரு குடுக்கறதா இல்லைங்," என்றார் திருமூர்த்தி. "வேணும்னா இதை எடுத்துட்டுப் போங்க. எங்களுக்கு இடைஞ்சல்."

உடுமலைக்காரர் எஞ்சினைப் பார்த்தார், காரைப் பார்த்தார். மயக்கம் வருகிற மாதிரி இருந்தது. நல்ல எஞ்சின், விடவும் மனசில்லை. "என்ன விலைங்க எதிர்பாக்கறீங்க?" என்று கேட்டார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை முன்னமே பேசி முடிவு செய்திருந்தார்கள்.

"பணமெல்லாம் வேண்டாமுங்," என்றார் திருமூர்த்தி. "பத்து லோடு கிராவல் மண்ணு மட்டும் கொட்டிக் குடுத்துருங்க. வண்டிக்கு இன்னும் கொஞ்சம் வேகம் ஏத்தோணும், அந்தக் கரட்டு மேட்டைச் சித்தெ ஒசத்திக்கறோம்."